சிப் எடுத்த சாவி

“ரெண்டு சாவியும் கொண்டாந்தீங்களாண்ணே?” என்று பூபதி கேட்டதும், மாதப்பன் சட்டைப் பையிலிருந்து ஒன்றையும் வேட்டி மடிப்பிலிருந்து ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தான். சட்டைப் பையில் இருந்தது மொட்டைச் சாவி. மடிப்பிலிருந்து வந்ததில் ஒரு வளையம், அந்த வளையத்தில் விரல் நீளத்துக்கு ரப்பரில் வெட்டிய ஷூவின் அடிப்பாகம் ஒன்று தொங்கியது. மத்திகிரி ரோட்டில் இருந்த அந்தக் கடையில் சீட் கவர்களும் ஸ்டீரிங் உறைகளும் உத்தரத்திலிருந்து தலையில் இடிக்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே முதலாளி நாராயணப்பன் யாரிடமோ தெலுங்கில் போன் பேசிக்கொண்டிருந்தார். பூபதிக்கு மானாமதுரைப் பக்கம். ஓசூருக்கு வந்து பல வருஷம் ஆகியும் பேச்சில் அந்த ஊரை விடாத ஆள்.

“மேனுவல் கியர் வண்டிக்கு நாங்க இந்த ரிமோட் ஸ்டார்ட்டப் போடுறதில்லண்ணே. போன்லயே சொன்னேன்ல. கியர்ல நிறுத்திட்டு மறந்தாப்புல ரிமோட்ட அமுக்கிட்டீங்கன்னா வண்டி அதுபாட்டுக்குத் தாவிரும். முன்னால யாராச்சும் நின்னா போச்சு.”

“நான் எப்பவும் நியூட்ரல்ல தாங்க நிறுத்துவன்” என்றான் மாதப்பன். பச்சைப் பொய். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை அது. எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டக் கொடுத்தால்தான் அவனுக்கு மனசு ஆறும். காரின் டிக்கியில் எப்போதும் ஒரு கருங்கல் கிடக்கும். அதைப் பற்றி இந்த ஆளிடம் எதற்குச் சொல்லவேண்டும்? வந்த வேலை நடக்காமல் திரும்பிப் போகிற நிலைமையில் அவன் இல்லை.

“வீட்ல அவளுக்கு டயாலிசிஸ் ஓடுதுங்க” என்றான். “கிருஷ்ணகிரில. முடிஞ்சி வெளிய வரும்போது மத்தியானம் ஆயிடும். வண்டி வெட்டவெளியில நிக்கும். உள்ள ஏறினா அடுப்புக்குள்ள ஏறின மாதிரி. அவளுக்கு ஏற்கனவே பிரஷர் எறங்கி தலைய சுத்திக்கினு இருக்கும். அவள ஒக்கார வெச்சிட்டு நான் ஓடிப்போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போடலாம்னா, தனியா விட்டா சாஞ்சிடறா. போன மாசம் அப்பிடித்தான் சாஞ்சி நெத்தியில அடி. உள்ள இருந்தே இத அமுக்கி, வண்டி சில்லுனு ஆனப்பறம் கூட்டியாரணும். அதுக்குத்தாங்க.”

பூபதி கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் மல்லாக்கப் படுத்து, ஸ்டீரிங்குக்கு அடியில் இருந்த மூடியைப் பிடுங்கினான். உள்ளேயிருந்து வயர்கள் கொத்தாகச் சரிந்து அவன் மார்மேல் விழுந்தன. ஒவ்வொன்றாக விளக்கு மாட்டிய ஊசியால் குத்திப் பார்த்து, எது எதற்கு என்று கண்டுபிடித்து, தோல் உரித்து, ஈயம் வைத்து ஒட்டினான். புகை வந்தது. மாதப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கிற ஆள் எப்படி நிற்பானோ அப்படித்தான் நின்றான். அவனுக்கு அந்த இடமும் பழக்கமானதுதான்.

மத்தியானம் டீ குடிக்கும்போது பூபதி சாவி விஷயத்தைச் சொன்னான். “இந்தச் சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்குண்ணே, அரிசி மாதிரி. அது பக்கத்துல இருந்தாத்தான் எஞ்சின் பிடிக்கும். திருடன் கள்ளச்சாவி போட்டா பிடிக்காதுல்ல, அதுக்காக வச்சது. ரிமோட்ல எடுக்கும்போது சாவியே இருக்காதே. அதனால ஒரு சாவியோட சிப்ப எடுத்து உள்ளாற ஒரு டப்பால வச்சுக் கட்டிருவோம். ரிமோட்ட அமுக்குனா மட்டும் அது வேல செய்யும்.”

“அப்ப அந்த சாவி?”

“கதவத் தெறக்கும், பூட்டும். வண்டிய எடுக்காது. புதுச் சிப் வாங்கி கோடு நம்பர் ஏத்திக்கிறலாம். அதுக்குப் பெங்களூர்லேர்ந்து ஆளு வரணும், வண்டிய விட்டுட்டுப் போகணும்.”

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். வண்டியை எப்படி விடுவது?

“ரெண்டாவது சாவி யாருதுண்ணே?”

“வீட்ல அவளுது.”

“அவுக ஓட்டுவாகளா?”

மாதப்பன் டீ கிளாஸைக் கையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். “முன்னாடி ஓட்டினா” என்றான். “இனிமே எங்க ஓட்டப் போறா. அதையே எடுத்துக்குங்க.”

சொன்னபிறகு அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. என்னவோ வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது போல ஒரு கணம் திக்கென்றது. ஆனால் பூபதி அதற்குள் ரப்பர் ஷூவை வளையத்தோடு ஒதுக்கிவிட்டு, கத்தி முனையால் சாவியின் தலையை நெம்பிப் பிளந்துகொண்டிருந்தான்.

உள்ளதைச் சொன்னால் அந்த வண்டியே அவளுடையதுதான். போச்சம்பள்ளி எஸ்டேட்டில் ஷூ கம்பெனியில் சுகுணா லைன் சூப்பர்வைசராக இருந்தாள். பாரூர் ஏரிக்கு மேற்கே இருக்கிற அவர்கள் ஊருக்குள் கம்பெனி பஸ் வராது. கரைமேல் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கவேண்டும். மழைக்காலத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து நடந்து வெறுத்துப்போய், ஒருநாள் அவளாகவே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வாங்கினாள். ஊர்ப் பெண்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் போனாள், வந்தாள். மாதப்பன் அந்தக் காரின் ஸ்டீரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு என்று போகும்போது இவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவான். “என்னா மாதப்பா, டிரைவரம்மா இன்னிக்கி லீவா?” என்று டீக்கடையில் கேலி செய்தால் அவனும் கூடவே சிரிப்பான். அந்தக் கேலியில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

கால் வீங்கியபோது மிஷின் முன்னால் நின்று நின்று வீங்குகிறது என்று நினைத்தார்கள். முகமும் வீங்கியது. பிரஷர் இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் யாரும் கையில் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரியில் டாக்டர் சொன்னபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் உள்ளே உறுமிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் மிஷின். சுகுணா வேலையை விட்டாள். மாதப்பன் ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

அவளுக்கு வந்த கஷ்டம் எதையும் அவனால் தொட முடியவில்லை. ஊசி குத்துவதைத் தடுக்க முடியாது. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கும்போது அளந்து வைத்த அரை டம்ளருக்கு மேல் தர முடியாது. தூக்கம் வராமல் விடிய விடிய உடம்பைச் சொறிந்துகொள்கிறவளைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கத்தான் முடிந்தது. அப்போதுதான் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி மைதானத்தில் வெந்துகொண்டிருந்த காருக்குள் அவளை ஏற்றும்போது அவள் சொன்னாள். “அந்த மிஷின்ல கெடக்கறதுகூடப் பரவால்லங்க. வெளிய வந்து இதுக்குள்ள ஏறும்போது, இனிமே வரவே கூடாதுன்னு தோணுது.” பாவம் மாதப்பன், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு துயரத்திலும் அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது அது ஒன்றுதான். பெரிய வண்டிகள் ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே தானாக ஸ்டார்ட் ஆவதை அவன் சுகுணாவின் கம்பெனி கேட்டில் பார்த்திருக்கிறான். போனில் தேடினான். ஓசூரில் ஆள் கிடைத்தது. டிராக்டருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தான். ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த அவள் சாவியை எடுக்கும்போது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பூபதி சாவித் தலையை மறுபடியும் ஒட்டிக் கொடுத்தான். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ரப்பர் ஷூ பழையபடி தொங்கியது. “நியூட்ரல், ஹேண்ட் பிரேக், அப்புறம் சாவிய எடுக்கணும். சத்தியமா மறந்துறாதீங்கண்ணே” என்று அவன் பலமுறை சொல்லி அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் மாதப்பன் சாவியை அதே ஆணியில் மாட்டிவைத்தான். அதைப் பற்றி எதுவும் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜோதிமணி ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, மாதப்பன் வராந்தா ஜன்னலுக்குப் போய் ரிமோட்டை வெளியே நீட்டி அமுக்கினான். தூரத்தில் மைதானத்து வெயிலில், அன்றைக்கு நினைவாக நியூட்ரலில் நிறுத்தியிருந்த வண்டியின் விளக்குகள் மின்னின. எஞ்சின் பிடித்தது. பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்திருந்த ஒருவன் ஆளில்லாத வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றான். மாதப்பனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து கதவைத் திறந்தான். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் சுகுணா நின்றுவிட்டாள். “யாரு ஸ்டார்ட் பண்ணது?” என்றாள். அவன் ரிமோட்டைக் காட்டினான். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓசூர் போனது இதுக்கா” என்றாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடி, “சில்லுனு இருக்குதுங்க” என்றாள். காவேரிப்பட்டணம் தாண்டும்வரை அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். வேறு ஒன்றும் வேண்டாம், இதற்காகவே இன்னும் பத்து வருஷம் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம் என்று மாதப்பன் நினைத்தான். அவன் கண்ணில் நீர் முட்டி ரோடு கலங்கியது. அன்றைக்கே அவன் சாவி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் ஒருநாள், மிஷின் இல்லாத நாள். மாதப்பன் நெல்லுக்கு வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சாப்பிட வந்தான். வாசலில் காரின் டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுகுணா உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, வெளியே கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். முகமெல்லாம் வியர்வை. ரப்பர் ஷூ ஸ்டீரிங்குக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

“இதுக்கு என்னா ஆச்சு?” என்றாள்.

“பேட்டரி எறங்கியிருக்கும்.”

“பேட்டரி எறங்கினா சுத்தாது. இது நல்லா சுத்துது. பிடிச்ச மாதிரி பிடிச்சி அணைஞ்சி போவுது. மீட்டர்ல சாவிப் படம் மின்னுது. எனக்கு வண்டி தெரியாதா?”

சேற்றுக் காலோடு நின்றுகொண்டே அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிப் என்றான், டப்பா என்றான், பெங்களூர் ஆள் என்றான்.

“என் சாவியவா எடுத்தீங்க?”

“ரெண்டுல ஒண்ணு வேணும்னான். என்னுத குடுத்துட்டா நான் எப்பிடி ஓட்டறது?”

“என்னுத குடுத்துட்டா நான் எப்பிடி ஓட்டறது?”

மாதப்பன் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தான். கோழி ஒன்று காருக்கடியில் நுழைந்து நிழலில் உட்கார்ந்தது.

“டாக்டர் சொன்னாரா, நான் ஓட்டக்கூடாதுன்னு?”

“இல்ல.”

“நான் சொன்னனா?”

“இல்ல சுகுணா. நீ எங்க இனிமே...” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். நிறுத்தி என்ன பிரயோஜனம்? பாதி சொன்னதே போதுமாக இருந்தது. அவள் முகத்தில் அது போய் இறங்கியதை அவன் பார்த்தான்.

“நீங்க வயலுக்குப் போனப்பறம் எடுப்பன்” என்றாள் அவள் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே. “முன்னாடி புளியமரம் வரைக்கும், மறுபடி ரிவர்ஸ்ல வாசலுக்கு. அவ்ளோதான். யாருக்கும் தெரியாது. லிஸ்ட்ல பேரு இருக்குதே, எப்பவாச்சும் கிட்னி கெடைக்கும், ஒடம்பு தேறினா மறுபடியும் வேலைக்குப் போலாம், அதுக்குள்ள கை மறந்துடக்கூடாதுன்னு எடுப்பன். அது ஒண்ணுதாங்க இருந்திச்சி எனக்கு.”

வாசல் மண்ணில் டயர்த் தடங்களை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். தான் ஓட்டிய தடம்தான் என்று நினைத்திருந்தான். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சண்டை போடவில்லை. “சரி, கையக் குடுங்க” என்று அவன் கையைப் பிடித்து இறங்கி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் வெந்நீர் வைத்துவிட்டு எழுப்பியபோது அவள் சுவரைப் பார்த்தபடி, “நான் வரல” என்றாள். ஒருநாள் போகாவிட்டால் தாங்கும் என்று அவனும் வற்புறுத்தவில்லை. அடுத்த முறையும் அதே வார்த்தை. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் போய் அரிசி வேண்டாம் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். பெங்களூரிலிருந்து மகள் பிரியா போனில் அழுதாள், “லீவு சொல்லிட்டு கெளம்பி வரன்மா, அதுவரைக்குமாச்சும் போம்மா” என்றாள். சுகுணா, “உம் உம்” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜோதிமணி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். “ரெண்டு தடவ விட்டாச்சுங்களே. தண்ணி நுரையீரலுக்கு ஏறிடும்ங்க. எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க.” அதற்குள் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினாள். மாதப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “செஞ்சது தப்பு, என்ன வேணாலும் திட்டு, வந்து வண்டியில ஏறு” என்று கெஞ்சினான். அவன் கையை எடுத்தபிறகும் அவன் விரல்கள் பதிந்த குழிகள் அந்தக் காலில் அப்படியே இருந்தன. அவை மேலே எழும்பும் என்று அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே மகளின் சிநேகிதி பூங்கொடியை அவளுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு ஓசூருக்கு ஓடினான். பூபதி அவனைப் பார்த்ததும், “கியர்ல போட்டு அமுக்கிட்டீங்களாண்ணே?” என்று பதறினான்.

“இல்ல. நல்லாத்தான் வேல செஞ்சிச்சி. கழட்டிடுங்க. அந்த சிப்ப பழையபடி அவ சாவியிலயே வெச்சிக் குடுங்க.”

“பட்ட பாடெல்லாம் வீணாப் போகும்ண்ணே. ரிமோட் இனி சும்மாதான்.”

“போவட்டும்.”

பூபதி மறுபடியும் மல்லாக்கப் படுத்தான். தான் கட்டிய கறுப்பு டேப்பைத் தானே அறுத்தான். டப்பாவைப் பிரித்து அந்த அரிசிச் சிப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். எவ்வளவு சின்னது. இதற்குள்ளா அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள் என்று மாதப்பன் குனிந்து பார்த்தான். சாவியைப் போட்டுத் திருப்பியதும் எஞ்சின் பிடித்து ஓடியது. “அவுக ஓட்டுவாகன்னு அன்னிக்கே சொல்லிருந்தா வேற வழி பாத்திருப்பேன்ல” என்றான் பூபதி. “நீங்க கேட்டீங்க. நான் தான் சொல்லல” என்றான் மாதப்பன். திரும்பி வருகிற வழி முழுக்க அவன் அவள் சாவியைப் போட்டுத்தான் வண்டியை ஓட்டினான். எங்கேயாவது அணைந்துவிடுமோ என்று சூளகிரியில் ஒருமுறை, குருபரப்பள்ளியில் ஒருமுறை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டான்.

வீட்டில் சாவியை அவள் மடியில் வைத்தான். “பிடிக்குது. நான் பாத்துட்டன்” என்றான். அவள் ரப்பர் ஷூவைப் பெருவிரலால் தடவினாள். வெகுநேரம் கழித்து, “நாளைக்குக் காலையில ரெடியாவறன்” என்றாள். மாதப்பனுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதான். தப்பைத் திருத்திவிட்டதாக நினைத்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் சாவி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆளுக்கு யார் என்ன சொல்ல முடியும்?

காலையில் அவள் நீலப் புடவை கட்டி, மூச்சு வாங்க வாங்க நடந்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வாய் திறந்தால் எங்கே எல்லாம் கெட்டுவிடுமோ என்று மாதப்பன் பயந்து, பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. அவள் தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டாள். வண்டி புளியமரத்தைத் தாண்டியது, ஏரிக்கரை ஏறியது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இடது கையில் புடைத்த இடம் துடிப்பதை அவன் பார்த்தான். கிருஷ்ணகிரிக்குக் காவேரிப்பட்டணம் வழியாகப் போவதுதான் நேர்வழி. அவள் போச்சம்பள்ளி ரோட்டில் திருப்பினாள். கம்பெனிக்குப் போகிற ரோடு, அவள் ஓட்டிப் பழகிய ரோடு. இப்படியும் போகலாம், கொஞ்சம் சுற்று, அவ்வளவுதானே என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஷிப்ட் நேரம். எதிரிலும் பின்னாலும் பைக்குகள், கம்பெனி பஸ்கள். ஒரு வேகத்தடையில் அவள் வேகத்தைக் குறைத்தாள். கிளட்சை மிதித்த வீங்கிய கால் அதைப் பிடித்து வைக்க முடியாமல் நடுங்கியது. வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், பிடித்தது. கால் வழுக்கியது, அணைந்தது. மறுபடியும் பிடித்தது, மறுபடியும் அணைந்தது. சாவி ஒருமுறைகூடத் தவறவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். “நான் வரட்டுமா?” என்று மாதப்பன் மெல்லக் கேட்டான். அவள் இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக் காலைத் தூக்கிக் கிளட்சின் மேல் வைத்தாள். அழுத்தினாள். அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. அவளுக்கு மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

“சுகுணா, நகந்துக்கோ. மிஷின்ல போட்டா எல்லாம் செரியாயிடும். தண்ணி எறங்கினா கால் வந்துடும். அப்பறம் நீயே ஓட்டு.”

“நேத்து வரைக்கும் மனசுக்குள்ள சாவியத்தான் குத்தம் சொல்லிக்கினு இருந்தன்” என்றாள் அவள். குரல் காற்றாக வந்தது. “அவரு சாவியக் கெடுத்துட்டாரு, இல்லன்னா ஓட்டியிருப்பன்னு. இப்ப சாவி நல்லாருக்குது.”

தன்னால் ஆன எல்லாவற்றையும் செய்து, கடைசியில் அவளிடம் மிச்சமிருந்த ஒரு சாக்குப்போக்கையும் பிடுங்கிவிட்டோம் என்பது மட்டும் மாதப்பனுக்குப் புரிந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று அவள் தோளைத் தொட்டான். “எறங்கு. நான் ஓட்டறன். வா.”

அவள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வலது கையை வெளியே நீட்டினாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பஸ்ஸுக்கு, தாண்டிப் போ என்று கையை அசைத்தாள். பஸ் ஒதுங்கிக் கடந்தது. ஜன்னல் ஓரத்தில் கம்பெனிச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாகத் தலையைக் குனிந்து காருக்குள் பார்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த பஸ்ஸுக்கும் கையை அசைத்தாள். வேனுக்கு அசைத்தாள், பைக்குகளுக்கு அசைத்தாள். ஒவ்வொன்றும் அவள் கையைப் பார்த்து ஒதுங்கி, அவளைத் தாண்டிப் போச்சம்பள்ளிப் பக்கம் போனது. மாதப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அவள் இன்னும் கையை வெளியே நீட்டி, போ, போ என்று அசைத்துக்கொண்டிருந்தாள்.